கிழக்கு பார்த்த ஆம்ப்ளிஃபயர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கடைகளில் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் படித்துத் தெரிந்துகொள்ளும்படி ஏதாவது அனுபவம் எழுதித் தரச் சொல்லி எங்கள் வியாபாரிகள் சங்க மலருக்குக் கேட்டார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். நான் கடைசியாக எழுதிய கட்டுரையைத் தமிழ் ஐயா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை எந்த மெடிக்கல் ஷாப்பில் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கும் பேனாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கணேசன்தான் விடாமல் நச்சரித்தான். பக்கத்துக் கடையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பவன், என் சிநேகிதன். நான் எழுதாவிட்டால் தானே எழுதிவிடுவதாகவும், அதில் என்னைக் கோமாளியாகப் போடப்போவதாகவும் மிரட்டினான். கோமாளியாக வரத்தான் வேண்டும் என்றால் என் கையாலேயே வருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அனுபவம் எழுதுகிற வயசு இல்லை எனக்கு. இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும் ஹை-ஃபைக்காரர்களோடு கொஞ்ச வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வயசு சீக்கிரம் ஏறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

என் பெயர் ஆரோக்கியம். திருச்சி சிங்காரத்தோப்பில் காதர் பாய் கடையில் சேல்ஸ்மேன். டெலிவரியும் நான்தான், சர்வீசுக்கு வந்த செட் இன்னும் ஏன் ரெடியாகவில்லை என்று பொய் சொல்வதும் நான்தான். போர்டில் பாய் பெயர் சின்னதாகவும், 'ஸ்வரலின்' என்ற கம்பெனிப் பெயர் பெரிதாகவும் இருக்கும். கல்யாண வீடுகளில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த பாய், மெட்ராசுக்கு நடையாய் நடந்து வாங்கிய ஏஜென்சி அது. கடையே அதுதான்.

நான் சொல்லப்போவது ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், எண்பதுகளின் ஆரம்பத்தில் நடந்தது. அப்போது சாதாரண மனிதர்கள் ஒரு டூ-இன்-ஒன் வாங்கி, பொத்தானை அழுத்தி, பாட்டுக் கேட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். ஹை-ஃபைக்காரர்கள் ஆம்ப்ளிஃபயரைத் தனியாக, டியூனரைத் தனியாக, கேசட் டெக்கைத் தனியாக, ரெக்கார்டு பிளேயரைத் தனியாக, ஸ்பீக்கர் பாக்ஸ்களைத் தனியாக வாங்கி, எல்லாவற்றையும் ஒயரால் கட்டி, அதன் பிறகு தூங்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிப்பட்டவர்கள் ஞாயிறு காலையில் எங்கள் கடை மாடியில் கூடுவார்கள். பாட்டு ஓடும்போது நன்றாகப் பேசுவார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்வரை இருக்கிற மௌனத்தில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அந்த மௌனத்தில் இரைச்சல் இல்லையென்றால் செட் நல்ல செட். இந்த ஒரு காரியத்துக்காகவே பாட்டு என்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்குத் தலைவர் ரங்கராஜன் சார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு, டவுனில் பேங்க் வேலை. அவர் சரி என்றால் திருச்சியில் ஹை-ஃபை வாங்குகிற எல்லாரும் சரி என்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்தச் செட்டை நாங்கள் ஷோகேஸில் வைத்து அழகு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தவர் புத்தூர் லூர்து சார், கணக்கு வாத்தியார். மாதா கோவில் ஆர்கன் இசைத்தட்டு ஒன்றைத் துணிப்பையில் எப்போதும் வைத்திருப்பார். கண்ணை மூடித்தான் கேட்பார், சில ஞாயிறுகளில் குறட்டையும் விடுவார். மூன்றாவது லால்குடி கோவிந்தராஜ் அண்ணன். நெல்லும் வாழையும் போட்டிருந்தார். நாதஸ்வரத்தைத் தவிர வேறு எதற்கும் காது கொடுக்க மாட்டார். எந்தச் செட்டையும் முதலில் தூக்கிப் பார்ப்பார். மூட்டை தூக்கிப் பழகிய கை. கனம் இருந்தால் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இவர்கள் மூன்று பேர் வீட்டிலும் ஸ்வரலின் பழைய மாடல்தான். தேக்குமரப் பெட்டி, வெள்ளி நிற முகம், உள்ளங்கை நிறையும் அலுமினியக் குமிழ், சத்தத்துக்கு ஏற்பத் துள்ளும் இரண்டு முள்.

பெட்டி பிரித்த அன்று

அந்த வருஷம் கம்பெனி எல்லாவற்றையும் மாற்றியது. ஆம்ப்ளிஃபயர், டியூனர், டெக், மொத்தக் குடும்பமும் புது உருவம். மெட்ராசிலிருந்து வந்த ஆபீசர் பாயிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். கத்திரி வெயில் முடிவதற்குள் புது சீரிஸில் முதல் லாட்டுக்கு ஆர்டர் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஏஜென்சி தில்லைநகரில் புதிதாகத் திறந்திருக்கும் ஏ.சி. கடைக்குப் போய்விடும். அங்கே வாசலில் கண்ணாடிக் கதவும், அதைத் திறந்துவிட ஒரு ஆளும் இருந்தார்கள். எங்கள் கடையில் கதவே கிடையாது, ஷட்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் முன்னால் பெட்டியைப் பிரித்தேன். கறுப்பு முகம். மெலிந்த உடம்பு. தேக்கு இல்லை, தகரம். முள் இல்லை, அந்த இடத்தில் வரிசையாகக் குட்டி விளக்குகள். குமிழ் விரல் நுனி அளவு. மேல்பக்கம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி நீளநீளமாக ஓட்டைகள். பெண் பார்க்க வந்த இடத்தில் வேறு பெண்ணைக் கூட்டி வந்து உட்கார வைத்தது போல இருந்தது அவர்கள் முகம்.

லூர்து சார்தான் ஆரம்பித்தார். “முள்ளு எங்கடா?”

“முள்ளுக்குப் பதிலா லைட்டு சார். சத்தம் ஏறினா பச்சை, இன்னும் ஏறினா சிவப்பு.”

“டிராஃபிக் சிக்னல் பாக்கணும்னா நான் பாலக்கரை முக்குல நின்னு பாத்துக்குறேன். இதுக்கு மாடி ஏறி வரணுமா?”

கோவிந்தராஜ் அண்ணன் வழக்கப்படி தூக்கினார். நினைத்ததைவிடச் சுலபமாக வந்துவிட்டதில் கொஞ்சம் தடுமாறிப்போனார். “என்னப்பா இது, உள்ள ஏதாச்சும் வெச்சானா, இல்ல அடுத்த பார்சல்ல வருதா?” என்று கேட்டார்.

ரங்கராஜன் சார் குமிழை இரண்டு விரலால் தொட்டார். சட்டைப் பொத்தானா என்றார். மேலே இருந்த ஓட்டைகளைப் பார்த்து, கரப்பான் குடித்தனம் பண்ண வழி விட்டிருக்கிறான் என்றார். கறுப்பு முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சப்தத்தில் ஒரு வெளிச்சமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

“சார், இன்னும் சுவிட்சே போடல” என்றேன்.

“போட வேண்டாம். பாத்தாலே கேக்கறது.”

“அப்ப அடுத்த தடவை செட்டு எதுக்கு சார், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். கனமும் இருக்காது, லால்குடி அண்ணனுக்கும் சிரமம் இல்ல.”

கோவிந்தராஜ் அண்ணன் சிரித்துவிட்டார். ரங்கராஜன் சார் சிரிக்கவில்லை. பாய் என்னைப் பார்த்த பார்வையில் என் சம்பளமே ஒரு படி இறங்கிவிட்டது போல் இருந்தது. பிறகு பாயே எழுந்து வந்து, சார் வீட்டில் வைத்து நிதானமாகக் கேட்டுப் பார்க்கட்டும், பிடித்தால் சொல்லட்டும், பிடிக்காவிட்டால் பையன் வந்து எடுத்துக்கொள்வான் என்று தணிவாகச் சொன்னார். பாய் முகத்துக்காக ரங்கராஜன் சார் ஒத்துக்கொண்டார். மற்ற இருவரும் அவர் சொல்வதைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஆர்டரைச் சொல்வதாகச் சொன்னார்கள். ஆக, ஏஜென்சி மொத்தமும் உத்தர வீதியில் ஒரு கூடத்தில் போய் உட்கார்ந்தது.

கொள்ளிடக் காற்று

ரங்கராஜன் சார் வீட்டுக் கூடத்தில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒரு சிம்மாசனத்தில் இருந்தது. அதன் தலையில் அளவெடுத்துத் தைத்த மெரூன் நிற வெல்வெட் துணி, ஓரமெல்லாம் ஜரிகைப் பூ. சாரின் மனைவி வைதேகி மாமியின் கைவேலை. தூசி படக்கூடாது என்று செட் பாடும்போதும் அந்தத் துணி மேலேயே இருக்கும். துணிக்கு மேல் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. அது சும்மா அழகுக்கு இல்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்து அடி, விழும்போது பொம்மை தலையை ஆட்டினால் பேஸ் சரியாக இருக்கிறது என்று கணக்கு. அதைப் பார்த்து வந்து லூர்து சாரும், கோவிந்தராஜ் அண்ணனும்கூட தங்கள் வீட்டில் துணியும் பொம்மையும் வைத்துவிட்டார்கள். திருச்சி ஹை-ஃபை வட்டாரத்தில் ஆம்ப்ளிஃபயரின் தலையை வெறுமனே விடுவது, சாமி படத்துக்குப் பூ போடாமல் விடுவது மாதிரி.

பழையதை இறக்கி, புதியதை ஏற்றினேன். ரங்கராஜன் சாரே வெல்வெட் துணியை எடுத்து, கரப்பான் ஓட்டை தெரியாதபடி நாலு பக்கமும் இழுத்து மூடி, பொம்மையை வைத்தார். இசைத்தட்டு ஓடியது. முதல் பக்கம் ஓடி, இரண்டாவது பக்கத்தில் ராக ஆலாபனை மேலே ஏறிக்கொண்டிருந்தபோது செட் நின்றது. விளக்கெல்லாம் அணைந்தது. ஃப்யூஸ் போகவில்லை. கரண்ட் இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். எங்கள் மெக்கானிக் சுப்பையா அண்ணனுக்கு ஒரு பழக்கம். எந்தச் செட் வந்தாலும் முதல் வேலையாக மேல்மூடியைக் கழற்றிவிட்டுத்தான் பெஞ்சில் வைப்பார். அப்படி வைத்து சுவிட்ச் போட்டார். மத்தியானம் வரை பாடியது. அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் பாடிக்கொண்டிருந்தது. செட்டில் ஒரு குறையும் இல்லை, ஸ்ரீரங்கத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். திரும்பவும் ஒன்றாம் நம்பர் பஸ். காவிரிப் பாலம். உத்தர வீதி. துணி, பொம்மை. அதே ஆலாபனையில் மயக்கம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பஸ் கண்டக்டர், பெட்டிக்குத் தனி சீட் வேண்டுமா, மடியில் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு மயக்கத்துக்கும் ஹை-ஃபைக்காரர்கள் ஒவ்வொரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஸ்ரீரங்கத்தில் வோல்டேஜ் இறங்குகிறது என்றார்கள். ஸ்டெபிலைசர் வைத்தோம், ஸ்டெபிலைசர் தேமே என்று இருந்தது, செட் மட்டும் மயங்கியது. கொள்ளிடக் காற்றில் உப்பு இருக்கிறது என்றார் லூர்து சார். கடல் எங்கே இருக்கிறது, கொள்ளிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், கணக்கு வாத்தியாருக்கு பூகோளம் கேட்டால் கோபம் வருகிறது. கோவிந்தராஜ் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தார். கனம் இல்லாதவன் எப்படி நிற்பான் என்றார்.

ரங்கராஜன் சார் கண்டுபிடிப்புதான் பெரியது. கர்நாடக சங்கீதம் என்றால் ராகத்தில் அணைகிறது, ஆகவே வடக்கத்திய என்ஜினியர் செய்த செட் என்றார். அதற்கு நான் சும்மா இருந்திருக்கலாம். “அப்ப ஒரு இந்திப் பாட்டு போட்டுப் பாக்கலாமா சார்? தாய்மொழியக் கேட்டாவது கண்ணு முழிக்குதான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டேன்.

அதை அவர் பாயிடம் ஃபோனில் சொல்லிவிட்டார். கூடவே, இந்த ஞாயிறு கூட்டம் தன் வீட்டில் என்றும், மற்றவர்கள் முன்னால் கடைசியாக ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டு, செட்டைத் திருப்பி அனுப்பப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். மறுநாள் திங்கட்கிழமை ஆபீசர் வருகிறார்.

பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசி இரண்டு பேரும் சிரித்திருப்போம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர் வாசலில் நின்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணி எடுத்து வரச் சொன்னார்.

“ஏறிப் பாரு தம்பி. கம்பெனி பேர மட்டும் சுரண்டி எடுத்தா தகடு தாங்குமா?”

ஏறினேன். பெயிண்ட் தடிமனாக இருந்தது. நகத்தால் ஒரு ஓரத்தில் கீறிப் பார்த்தேன்.

“தாங்காது பாய். ஓட்டை விழுந்துரும்.”

“சரி, எறங்கு” என்றார்.

துவைக்கப் போட்ட துணி

சனிக்கிழமை காலையில், ஞாயிறு போடுவதற்கு முன் சுப்பையா அண்ணன் கடைசியாக ஒரு முறை பார்க்கட்டும் என்று செட்டை எடுத்துவர பாய் அனுப்பினார். வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உத்தர வீதி திரும்பும்போதே பாட்டு கேட்டது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆலாபனை மேலே ஏறியது. வழக்கமாக மயங்குகிற இடம் வந்தது. போனது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே மாமி மட்டும் இருந்தார். சார் பேங்கிலிருந்து வர மத்தியானம் ஆகும் என்றார்.

“மாமி, இது எப்பலேர்ந்து பாடுது?”

“காலம்பற தளிகை ஆரம்பிச்சதுலேர்ந்து. குழம்பு ஆச்சு, கறியமுது ஆச்சு, சாத்தமுதுக்கே தாளிச்சுக் கொட்டியாச்சு, போ. திருப்பித் திருப்பிப் போட்டு ரெக்கார்டுதான் தேஞ்சிருக்கும்.”

“நடுவுல நிக்கலையா?”

“நான் நிறுத்தினாத்தானே நிக்கும்.”

செட் வேறு பக்கம் பார்த்து இருந்தது. அதற்கு மாமி சொன்ன விவரம் இது. தெற்குப் பார்த்து வைத்ததுதான் தோஷம் என்று பேங்கில் யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் கிளம்புமுன் சார் அதைக் கிழக்கே திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திருப்பியதும் ஜன்னல் வெளிச்சம் நேராக வெல்வெட் துணியில் விழுந்திருக்கிறது. வருஷக்கணக்கான எண்ணெய்க் கையும் தூசியும் மாமி கண்ணில் பட்டிருக்கிறது. உருவித் துவைத்து முற்றத்தில் காயப் போட்டுவிட்டார். துணி இல்லாமல் பொம்மை தகரத்தில் வழுக்கியதால், அதைத் தூக்கி ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் வைத்துவிட்டார். அங்கே அது தலையாட்டிய ஆட்டத்தில் கழுத்தே கழன்றுவிடும் போல இருந்தது.

நான் ஆம்ப்ளிஃபயருக்கு மேல் கையை நீட்டினேன். அந்தச் சீப்புப் பல் ஓட்டைகள் வழியாக தோசைக்கல்லிலிருந்து வருவதுபோல் அனல் வந்துகொண்டிருந்தது. என் தோளில் இருந்த துண்டை மடித்து மேலே போட்டேன். மாமி மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு, ஊர்க்கதை கொஞ்சம் பேசி முடிப்பதற்குள் செட் நின்றது. துண்டை எடுத்தேன். சூடு அடங்கட்டும் என்று காத்திருந்து சுவிட்ச் போட்டேன். பாடியது.

பழைய மாடலுக்கு மூச்சு பின்பக்கம். புதியதற்கு மூச்சு தலையில். அதிகச் சூடானால் தானாகவே அணைந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். கடையில் சுப்பையா அண்ணன் மூடியையே கழற்றிவிடுவார், அதனால் அங்கே மயக்கமே வராது. இங்கே மூக்கைப் பொத்தி மேலே பொம்மையையும் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மாமி என் துண்டைப் பார்த்தார். முற்றத்துக் கொடியைப் பார்த்தார்.

“என் துணிதானா?” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“துணி மேல ஒரு தப்பும் இல்ல மாமி. தலையில ஓட்டை வெச்சு செட்டு பண்ணுவான்னு நம்ம என்ன கண்டோமா?”

அதற்கு மாமி சொன்னதை நான் இன்றைக்கும் கடைக்கு வரும் புதுப் பையன்களுக்குச் சொல்கிறேன். “இதை நீ அவர்கிட்ட சொன்னயோ, செட்டு இன்னிக்கே உங்க கடைக்குத் திரும்பி வந்துடும். நாலு பேருக்கு முன்னாடி செட்டு சரியில்லைன்னுட்டார். துணியாலதான்னு ஆச்சுன்னா, அப்புறம் அவர் எங்க மூஞ்சிய வெச்சுப்பார்?”

“அப்ப சார் வந்து துணியப் போட்டுட்டாருன்னா?”

“துணி எங்க காஞ்சுது?” என்றார் மாமி. வெளியே கத்திரி வெயிலில் முற்றத்துக் கல்லில் அப்பளம் பொரியும். “இது காய ரெண்டு மூணு நாள் ஆகும்.”

செட்டை எடுக்காமலே திரும்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் எனக்கு என் கஷ்டம் புரிந்தது. இத்தனை வருஷக் கிண்டலில் இப்படி ஒரு சரக்கு என் கையில் கிடைத்ததே இல்லை. வோல்டேஜ், கொள்ளிடத்து உப்பு, வடக்கத்திய என்ஜினியர், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, கடைசியில் கொடியிலிருந்து அந்தத் துணியை எடுத்துக் காட்டினால் எப்படி இருக்கும். பாலம் தாண்டுவதற்குள் முழு வசனமும் தயார். கடைக்கு வந்து பாயிடம் எல்லாம் சொன்னேன், வசனத்தையும் சேர்த்து.

பாய் சிரிக்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஆரோக்கியம், நாளைக்கு ஒரு நாள் உன் வாய எனக்குக் குடு.”

தீர்ப்பு

ஞாயிறு உத்தர வீதிக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். பாயும் வந்திருந்தார், ஒரு ஓரமாகச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். துணி எங்கே என்று ரங்கராஜன் சார் உள்ளே பார்த்துக் கேட்டார். இன்னும் ஈரம் போகவில்லை என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. சாருக்கு மனசில்லை. ஆனாலும் ஈரத்துணியை மின்சாரச் சாமான் மேல் போடக்கூடாது என்று தெரிந்தவர். இசைத்தட்டை வைத்தார்.

யாரும் காதைத் தீட்டவில்லை. எல்லார் கண்ணும் செட் எப்போது மயங்கும் என்று அந்தக் குட்டி விளக்குகள் மேல் இருந்தது. மயங்குகிற இடம் வந்தது. லூர்து சார் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார், அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். பச்சை ஏறியது, இறங்கியது. ஆலாபனை முடிந்தது. மிருதங்கம் சேர்ந்துகொண்டதும் ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் பொம்மை சாமி வந்தது போல ஆடியது. பழைய செட்டில் அது ஒருநாளும் அப்படி ஆடியதில்லை. பழைய செட்டில் அது ஒருநாளும் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்ததும் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

“என்னா பேஸ்யா இது” என்றார் கோவிந்தராஜ் அண்ணன்.

ரங்கராஜன் சார் எழுந்தார். தொண்டையைச் செருமினார். தெற்குப் பார்த்து வைத்ததுதான் தப்பு என்று தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். கிழக்கே திருப்பிய பிறகு செட் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, கறுப்பு முகத்திலும் ஒரு களை வந்திருக்கிறது என்றார்.

லூர்து சாருக்கு மட்டும் கணக்கு இடித்தது. “திசைக்கும் கரண்ட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்? சயின்டிஃபிக்கா ஒரு ரீசன் வேணும்ல?”

“பூமியே கிழக்கப் பாத்துதான்யா சுத்தறது.”

கணக்கு வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். தலையாட்டினார். பொம்மையும் தலையாட்டியது.

நான் வாயில் காபியை நிரப்பி வைத்துக்கொண்டிருந்தேன். விழுங்கினால் வசனம் வெளியே வந்துவிடும் என்று பயம். ரங்கராஜன் சார் என் பக்கம் திரும்பினார்.

“என்னடா ஆரோக்கியம், பேச்சையே காணோம்?”

பாய் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான் காபியை விழுங்கினேன்.

“நீங்க சொன்னப்புறம் நான் என்ன சார் சொல்றது. ஒண்ணே ஒண்ணு. கிழக்கு பாத்து வெச்சா மேல துணியும் பொம்மையும் ஆகாது. பொம்மை பாக்ஸ் மேலதான் இருக்கணும்.”

“ஏன்?” என்றார் லூர்து சார்.

உள்ளே மாமி கையில் இருந்த கரண்டிச் சத்தம் நின்றது. ரங்கராஜன் சார்தான் காப்பாற்றினார்.

“இது தெரியாதா ஓய். கிழக்கு பாத்து உக்காந்தவன் தலைல யாராவது துணியப் போட்டு மூடுவாளா?”

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. கோவிந்தராஜ் அண்ணன் அங்கேயே தன் பெயரைச் சொல்லிவிட்டார். அடுத்து லூர்து சார். சாயங்காலத்துக்குள் அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். முதல் லாட் போதவில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தபோது பாய் பேசவே வேண்டியிருக்கவில்லை, கூட்டம் பேசியது. லால்குடியிலிருந்து வந்திருந்த கோவிந்தராஜ் அண்ணன் ஆபீசரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை பெட்டிக்குள் ஒரு திசைகாட்டி வைத்து அனுப்பினால் கிராமத்து ஜனங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றார். ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

“எங்க ஊரு கஸ்டமருங்க கொஞ்சம் நுணுக்கம் பாக்குறவங்க சார்” என்றார் பாய்.

கோவிந்தராஜ் அண்ணன் வீட்டுக்கு நான்தான் டெலிவரிக்குப் போனேன். அவர் வீட்டு அமைப்பில் செட்டைக் கிழக்கு பார்த்து வைத்தால் அதன் முகம் சுவரைப் பார்க்கிறது. குமிழைத் திருக அவர் பின்னாலிருந்து கையை வளைத்து விட வேண்டியிருந்தது. சரிதானா அண்ணே என்று கேட்டேன். சிக்னல் லைட் கண்ணில் அடிக்காமல் இப்போதுதான் நிம்மதி என்றார். தலையில் துணி இல்லை. எனக்கு அது போதும்.

போர்டு அப்படியே இருந்தது. நான் நகத்தால் கீறிய இடத்தில் மட்டும் பாய் கொஞ்சம் பெயிண்ட் வாங்கித் தொட்டு வைக்கச் சொன்னார்.

கடைக்கு வேலைக்கு வரும் பையன்களுக்கு இதில் நான் சொல்ல வேண்டியது இதுதான். கஸ்டமரோடு எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம், அவரைப் பார்த்தும் சிரிக்கலாம். ஆனால் நான்கு பேர் நடுவில் அவர் தோற்று நிற்கும்போது சிரிக்கக் கூடாது. அவர் தானாக நடந்து வெளியே வர ஒரு கதவு திறந்து வைத்துவிட்டு, ஓரமாக நின்று காபி குடிக்க வேண்டும். அது கிழக்கு வாசலாக இருந்தாலும் பரவாயில்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாளில் நான் இளைத்துப்போனேன்.

எழுதி முடித்ததும் கணேசனிடம் படித்துக் காட்டினேன். மலர் ரங்கராஜன் சார் வீட்டுக்கும் போகும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், துணியையும் பொம்மையையும் மாற்ற முடியவில்லை. படித்தால் தான்தான் என்று தெரிந்துவிடும். இத்தனை வருஷம் கழித்து உண்மை தெரிந்து சார் மனசு கஷ்டப்பட்டால் என்ன செய்வது, கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டேன்.

கணேசன் ரெக்கார்டிங் லெவலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “தைரியமா குடுறா, கிழக்க திருப்பினதாலதான துணியோட அழுக்கே மாமி கண்ணுல பட்டுச்சுன்னு சாரே சொல்லிருவாரு.”